ஊட்டிச் செடியும் நம் கடற்கரை இரவும்



போன இதழ் வந்த பிறகு, மாடித்தோட்டம் வைத்திருக்கும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், லீவுக்கு ஊட்டி போனப்ப ஒரு ஆர்க்கிட் வாங்கிட்டு வந்தோம். அங்கே அப்படி மணத்துச்சு. இங்கே வந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது. என்ன உரம் போடலாம்?"

உரம் போட்டுப் பயனில்லை என்று மூவரிடமும் சொன்னேன். காரணத்தை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அது இருநூறு வருடத்துக் கதை. ஆசிரியர் குழு இடம் கொடுத்ததால் இங்கே எழுதுகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தாவரவியல் படித்தவன் அல்ல. ஒரு செடியைச் சாகக் கொடுத்த பிறகு படிக்கத் தொடங்கியவன்.

ஓய்வு பெற்ற மறு வருடம், 2018 மே மாதம், நானும் என் மனைவியும் ஊட்டி போனோம். சாலையோரத்தில் ஒருவர் பாசி படிந்த வேரோடு சில செடிகளைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார். அதில் ஒன்றில் சிறிய வெள்ளைப் பூக்கள். முகர்ந்து பார்த்த என் மனைவி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தோம். ஆடி பிறப்பதற்குள் அது போய்விட்டது. காய்ந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அது ஊருல அது பாட்டுக்கு இருந்திருக்கும். நாமதாங்க கூட்டிட்டு வந்து கொன்னுட்டோம்." அந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் பிறகுதான் நூலகத்திலும் செல்போனிலும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் கரையில் தொடங்கிய கதை

ஆர்க்கிட் என்றால் ஏதோ வெளிநாட்டுப் பூ என்று நினைக்கிறோம். வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் ஆர்க்கிட்டோடு உறவு உண்டு. வெனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடிதான். வெப்ப நாடுகளின் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரத்தின் மேல் வாழ்பவை. புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. கிளையில் பற்றிக்கொண்டு மழையையும் பனியையும் காற்றையும் வைத்தே பிழைக்கின்றன. ஒண்டுக்குடித்தனம் என்று சொல்லலாம். வீட்டுக்காரருக்குத் தொல்லை கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் செடிகளைப் படத்தோடு விவரிக்கும் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அதன் முதல் தொகுதி 1795-இல் லண்டனில் வெளிவரத் தொடங்கியது. அதில் ஓர் ஆர்க்கிட்டுக்கு 'டெஸ்ஸெல்லாட்டம்' என்று பெயர் வைத்தார். கட்டம் போட்டது என்று பொருள். நம்மூர் கட்டம் போட்ட கைலி மாதிரி, மஞ்சளில் பழுப்புக் கட்டங்களும் நடுவில் நீலம் கலந்த ஊதா நாக்கும் உள்ள பூ அது. நல்ல மணம் உண்டு. அதே காலத்தில் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், இந்தச் செடியை 'வந்தா' என்ற சமஸ்கிருதப் பெயரால் விவரித்தார். இன்று உலகம் முழுவதும் ஆர்க்கிட் வளர்ப்போர் சொல்லும் 'வாண்டா' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். இந்தப் பூவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருகிறேன்.

நீராவிக் கூண்டு

அடுத்த ஐம்பது வருடத்தில் இங்கிலாந்தின் செல்வந்தர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. கப்பல் கப்பலாகச் செடிகள் போயின. வந்தவற்றை எல்லாம் கண்ணாடி வீட்டில் அடைத்து, அடுப்பு மூட்டி, நீராவி நிரப்பி வைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடி என்றால் எப்போதும் புழுக்கம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வீடுகளுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டவ்' என்றே பெயர். நாம் சமைக்கும் ஸ்டவ்தான்!

அவர்கள் ஒன்றை மறந்தார்கள். வெப்ப நாட்டிலும் மலை இருக்கிறது. நம் தமிழ்நாட்டையே பாருங்கள். கட்டுமாவடி கடல் மட்டத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் ஒரே மாநிலத்துக்குள் பதினான்கு, பதினைந்து டிகிரி வித்தியாசம். மலைக்காட்டிலிருந்து வந்த செடியையும் கடலோரச் செடியையும் ஒரே கூண்டில் போட்டு வேகவைத்தால் மலைச்செடி என்ன ஆகும்? ஆயிரக்கணக்கில் செத்தன. செத்ததற்கு ஈடாக மேலும் தருவித்தார்கள்.

இதில் ஒரு வரவு-செலவுக் கணக்கு இருக்கிறது. ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் (பிற்காலத்தில் லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநர்) 1850-இல் காசி மலைக்குப் போனார். இன்றைய மேகாலயா. அங்கே குட்டையான ஓக் மரங்களில் நீல வாண்டா பூத்துக் கிடந்தது. கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவுக்குச் சேகரித்து அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை வெகு சில. அவரோடு தன் தோட்டக்காரரை அனுப்பிய இன்னொருவர் ஒரே ஓர் ஆள் சுமையைத் தரகுக்கு விற்க இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதுவும் மோசமான நிலையில்தான் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் 300 பவுனுக்கு விற்றது. ஒரு செடி 3 பவுனிலிருந்து 10 பவுன் வரை. அன்றைக்குப் பவுனுக்குச் சுமார் பத்து ரூபாய் என்று வைத்தால் ஒரு கூலியாளின் சுமை மூவாயிரம் ரூபாய். முழுவதும் உயிரோடு போயிருந்தால் ஆயிரம் பவுன் தேறியிருக்கும் என்று ஹூக்கரே எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கணக்கில் வரவுப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. வெறுமையான ஓக் கிளைகளைப் பற்றுப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை.

ஹூக்கர் இன்னொன்றும் கவனித்தார். அந்தச் செடி காய்ந்த புல்மேட்டில், காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில், குளிரையும் தாங்கிக்கொண்டு வாழ்ந்தது. லண்டன் கூண்டில் அதற்குக் கொடுத்ததோ நேர்மாறானது. செடியின் சொந்த ஊரை யாரும் விசாரிக்கவில்லை.

குளிர்ச்சி புரிந்த பிறகு

மெல்ல மெல்ல விசாரித்தார்கள். சாட்ஸ்வொர்த் என்ற பிரபு மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், செடியின் பிறப்பிடத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெப்பநிலையில் கண்ணாடி வீடுகளை அமைத்து, காற்றோட்டமும் விட்டார். 1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி நீக்கப்பட்டது. அதனால் நடுத்தரக் குடும்பங்களும் சின்னக் கண்ணாடி வீடு கட்ட முடிந்தது. 1864-இல் ஜேம்ஸ் பேட்மன் என்பவர் குளிர்ச்சியில் ஆர்க்கிட் வளர்ப்பதற்கென்றே ஒரு கையேடு போட்டார். மலைச்செடிக்கு அடுப்பு வேண்டாம், குளிர்ந்த இரவு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். வீட்டில் குளிர்ப்பிரதேச ஆர்க்கிட் வளர்க்கும் பழக்கம் அதன் பிறகு பரவியது. அடுப்புக்கரிச் செலவும் மிச்சம்.

இத்தோடு கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. செடி பிழைக்கிறது என்று தெரிந்ததும் வாங்குவோர் பெருகினார்கள். தென் அமெரிக்காவின் கொலம்பிய மலைகளில் 'ஒடொன்டோகிளாஸம் கிரிஸ்பம்' என்ற வெள்ளைப் பூ இருக்கிறது. குளிர்ச்சி ஆர்க்கிட்டுகளில் அன்றைக்கு அதுதான் ராணி. ஆல்பர்ட் மில்லிகன் என்ற செடி வேட்டைக்காரர் 1891-இல் வெளியிட்ட தன் பயணநூலில் ஒரு கணக்கைக் கூச்சமில்லாமல் எழுதுகிறார்: இரண்டு மாத வேலை, பத்தாயிரம் செடிகள், அதற்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் நாலாயிரம். மேலே ஏறிப் பறிப்பதைவிட மரத்தையே வெட்டுவது சுலபம் என்று செய்தார்கள்.

அறியாமையால் லண்டனில் செடிகள் செத்தன. அறிவு வந்த பிறகு செடிகள் பிழைத்தன, காடு செத்தது. ஊட்டிச் சாலையோரத்தில் நான் கொடுத்த இருநூறு ரூபாயை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்தேன். பாசியோடு இருந்த வேர் எதைக் காட்டுகிறது? அது தொட்டியில் வளர்ந்ததல்ல. யாரோ சோலை மரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. நானும் ஒரு குட்டி மில்லிகன்தான்.

நம் மலைகளில்

நம் தெற்கிலும் இதே கதை நடந்திருக்கிறது. நல்லவர்களும் இருந்திருக்கிறார்கள். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் சென்னை வந்தவர்; இடையில் சில காலம் நமக்கு வடக்கே இருக்கும் நாகப்பட்டினத்திலும் பணியாற்றினார். 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடியை மேற்பார்த்துக்கொண்டே நீலகிரிச் செடிகளைத் திரட்டினார். 1838-இலிருந்து 1853 வரை அவர் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். செடியைப் பெட்டியில் அடைத்து அனுப்புவதற்குப் பதில் அதன் உருவத்தைத் தாளில் அனுப்பிய வேலை அது. வைட், கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே 'கோவிந்தூயா' என்று தன் ஓவியரின் பெயரை வைத்தார். பின்னால் வந்த அறிஞர்கள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. பெரிய துரைமார் பெயர்கள் நிலைத்துவிட்டன. கோவிந்துவின் பெயர் நிலைக்கவில்லை. அதனால்தான் நம் செய்திமடலிலாவது ஒருமுறை அச்சாகட்டும் என்று எழுதுகிறேன்.

நீலகிரி, பழனி மலைகளிலும் இலங்கை மலைகளிலும் 'சீலோஜைன் ஒடொராட்டிஸிமா' என்ற வெள்ளை ஆர்க்கிட் வளர்கிறது. இரண்டாவது சொல்லுக்கு 'மிக மிக மணமுள்ளது' என்று பொருள். என் மனைவி முகர்ந்தது அதுவாக இருக்கலாம். அகத்தியமலையில் 'ட்ரூரி' என்ற கர்னல் 1865-இல் கண்டெடுத்த செருப்பு வடிவ மஞ்சள் ஆர்க்கிட் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. சேகரிப்பவர்கள் அள்ளி அள்ளி, பல காலம் கண்ணிலேயே படாமல் போய், 1972-இல்தான் மறுபடி காணக் கிடைத்தது. 1991-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, செருப்பு ஆர்க்கிட்டுகளும் ஹூக்கர் சுமந்த அதே நீல வாண்டாவும் பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் சேர்ந்தன.

இவற்றை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏற்காடு போகலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1960-களிலிருந்து இருக்கிறது. தென்னிந்திய ஆர்க்கிட்டுகளை அவற்றுக்கு உகந்த குளிர்ச்சியிலேயே வைத்துக் காக்கிறார்கள். பூக்கும் காலம் பார்த்துப் போனால் மணத்தோடு திரும்பலாம்.

ஏன் இங்கே பிழைக்காது?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணக்குப் பாஷையிலேயே சொல்கிறேன். செடிக்குப் பகலில் வருமானம்; வெயிலை வைத்துச் சர்க்கரை செய்கிறது. இரவும் பகலும் மூச்சு விடுகிறதே, அது செலவு. இரவில் வரவு கிடையாது, செலவு மட்டும்தான். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஊட்டியில் 12 டிகிரி இரவுக்குப் பழகிய செடியை நம் 28 டிகிரி இரவில் வைத்தால் செலவு சுமார் மூன்று மடங்கு. என் மொட்டைமாடியில் தொங்கும் தெர்மாமீட்டர் மே மாத நள்ளிரவில் 28-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். மார்கழியிலும் 22 காட்டுகிறது. செடி சேமிப்பைத் தின்று, பிறகு இலையைத் தின்று, கடைசியில் திவாலாகிறது. உரம் என்பது திவாலானவருக்குக் கொடுக்கும் இன்னொரு கடன். மேலும், பல மலை ஆர்க்கிட்டுகள் குளிர்ந்த இரவுகள் வந்தால்தான் மொட்டே வைக்கும். தப்பித்தவறிப் பிழைத்தாலும் பூக்காது.

ஏசி அறையில் வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். ஏசி 16 டிகிரிக்குக் கீழே போகாது, காற்றையும் உலர்த்திவிடும். ஒரு டன் ஏசி இரவு பத்து மணி நேரம் ஓடினால் ஏழெட்டு யூனிட் ஆகும். இரண்டு மாத பில்லில் நானூறு யூனிட்டுக்கு மேல் ஏறும். ஒரு பூவுக்கு அது கட்டுபடியாகாது. ஈர மணலில் பானையை வைத்துக் குளிர்விக்கும் வழி காய்ந்த காற்று வீசும் உள்நாட்டு ஊர்களுக்குச் சரி. நம் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, குளிர்ச்சியும் வராது. இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கஜா கொடுத்த செடி

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னை போனது, படகு போனது. பத்து நாள் கழித்து, ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கும் என் மைத்துனர் வீட்டைப் பார்க்கப் போனோம். கொல்லையில் அவர் தாத்தா காலத்து இலுப்பை வேரோடு சாய்ந்து கிடந்தது. மிஷின் ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிளையில் விரல் கனத்துக்கு வெள்ளை வேர்களோடு வார் மாதிரி இலைகள். "அது சும்மா காட்டுச்செடி மச்சான், இங்க நிறைய இருந்துச்சு" என்றார் மைத்துனர். விறகோடு அடுப்புக்குப் போக வேண்டியதை என் மனைவி பட்டையோடு பெயர்த்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதைத் தேங்காய் மட்டையில் கட்டி, கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில் தொங்கவிட்டோம். ஒன்றரை வருடம் பேசாமல் கிடந்தது. 2020 கோடையில், ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு காலையில், ஒரு காம்பில் ஆறு பூக்கள். மஞ்சளில் பழுப்புக் கட்டம், நடுவில் ஊதா நாக்கு. ராக்ஸ்பர்க் 1795-இல் படம் போட்ட அதே சோழமண்டலக் கரைப் பூ. திராட்சைப் பழம் மாதிரி ஒரு மணம். நான் குளிர்ச்சிக்கு ஊட்டி வரை போனேன். நம் வெயிலையே சொந்த ஊராகக் கொண்ட மணம் மைத்துனர் கொல்லையில் இருந்திருக்கிறது.

வளர்க்க விரும்புவோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணே வேண்டாம். தேங்காய் மட்டையை இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசி, உப்பும் சாயமும் போன பிறகு பயன்படுத்துங்கள். கூடவே அடுப்புக்கரித் துண்டுகள். காலை வெயில் படட்டும், உச்சி வெயிலுக்கு நிழல் வலை. நம் போர் தண்ணீர் உப்பு, வேர் கருகிவிடும். மழைநீர்த் தொட்டித் தண்ணீரை எடுத்து வைத்துக் காலையில் மட்டும் தெளியுங்கள். கடற்காற்று பலமாக வீசிய நாளில் இலையைக் கழுவி விடுங்கள்.

செடி எங்கே கிடைக்கும் என்பீர்கள். மரத்திலிருந்து பறிக்க வேண்டாம். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிஞர் ஆர்க்கிட் விதையைச் சர்க்கரை சேர்த்த கூழில் கண்ணாடிப் புட்டிக்குள் முளைக்க வைத்துக் காட்டினார். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். உள்ளே சேமிப்பு உணவு கிடையாது. முதலில்லாத வியாபாரிக்கு அவர் முதல் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு காட்டைத் தொடாமலே லட்சக்கணக்கில் செடி வளர்க்க முடிகிறது. ஆகவே நர்சரியில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "இது புட்டியில வளர்த்ததா, மலையிலேருந்து வந்ததா?" வேரில் பாசியும் மரப்பட்டையும் ஒட்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். அடுத்த கேள்வி: "இதோட ஊர் எது, ராத்திரி எவ்வளவு குளிர் வேணும்?" பதில் தெரியாதவரிடம் வாங்கினால் நான் போட்ட நஷ்டக் கணக்கைத்தான் நீங்களும் போடுவீர்கள்.

ஊட்டிச் செடி இன்னும் உயிரோடு வைத்திருக்கும் மூவருக்கும் ஒரு யோசனை. மலையில் உறவினரோ நண்பரோ இருந்தால் அடுத்த பயணத்தில் கொண்டுபோய் அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு வாருங்கள். வருடம் ஒருமுறை போய் முகர்ந்துவிட்டு வரலாம்.

எங்கள் இலுப்பை வாண்டா இந்த வருடம் பக்கத்தில் இரண்டு கன்று விட்டிருக்கிறது. வேர் பிடித்ததும் பிரித்து, முதலில் கேட்கும் இரண்டு வீடுகளுக்குக் கொடுப்பதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள். விலை கிடையாது. மழைநீர்த் தொட்டி இருக்க வேண்டும் என்பது மட்டும் அவள் நிபந்தனை. பூ விரிந்திருக்கும்போது காலை எட்டு மணிக்கு மேல் யாரும் வந்து பார்க்கலாம். வெயில் ஏறினால்தான் மணம் நன்றாக வருகிறது.